வறுமை 21.9 சதவீதத்திலிருந்து 5-க்குக் கீழே: கழித்துப் பார்க்கலாமா?

கேள்வி இது: "2011-12ல் இந்தியாவில் 21.9 சதவீதம் பேர் ஏழைகள் என்று திட்டக் குழு சொன்னது. 2023-24 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வை வைத்து ஸ்டேட் வங்கியின் ஆய்வுப் பிரிவு கிராமத்தில் 4.86, நகரத்தில் 4.09 சதவீதம் என்கிறது. இரண்டுக்கும் அடிப்படை ஒரே அரசு அமைப்பு எடுத்த ஆய்வுதானே? அப்படியானால் பன்னிரண்டு ஆண்டில் வறுமை 17 புள்ளி இறங்கிவிட்டது என்று எழுதலாமா?"

எழுதக் கூடாது. வறுமை குறையவில்லை என்று நான் சொல்லவில்லை. குறைந்திருக்கிறது, நிறையவே குறைந்திருக்கிறது என்றுதான் நானும் நம்புகிறேன். ஆனால் அந்த 17 புள்ளிக்குள் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, குடும்பங்களின் வாழ்க்கையில் நடந்த மாற்றம். இன்னொன்று, அந்தக் குடும்பங்களிடம் கேள்வி கேட்ட விதத்தில் நடந்த மாற்றம். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இன்றைக்கு நம்மிடம் நம்பகமான வழி இல்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஒரு குடும்பத்தின் செலவை யாரும் நேரில் நின்று அளப்பதில்லை. கணக்கெடுப்பாளர் வீட்டுக்கு வருகிறார். அரிசி எவ்வளவு வாங்கினீர்கள், எண்ணெய் எவ்வளவு, மீன், முட்டை, வெற்றிலை பாக்கு, பஸ் கட்டணம், செல்போன் ரீசார்ஜ், பள்ளிக் கட்டணம், செருப்பு என்று பொருள் பொருளாகக் கேட்கிறார். வீட்டில் இருப்பவர் ஞாபகத்திலிருந்து பதில் சொல்கிறார். அந்த ஞாபகம் எத்தனை நாளுக்குரியது என்பதில்தான் வினையே இருக்கிறது. "போன முப்பது நாளில் எத்தனை முட்டை?" என்று கேட்டால், நடுவில் வாங்கியது பல விட்டுப்போகும். "போன ஏழு நாளில்?" என்று கேட்டால் மறதி குறையும். ஆனால் ஒன்பதாம் நாள் வாங்கியதும் "இந்த வாரம்தான்" என்று உள்ளே வந்து சேரும். முதல் முறை செலவைக் குறைத்துக் காட்டலாம், இரண்டாவது கூட்டிக் காட்டலாம். எந்தப் பிழை பெரியது என்பது பொருளைப் பொறுத்தது.

இந்தியா இதை ஆரம்பத்திலேயே யோசித்த நாடு. 1950ல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியபோது அதன் மூளையாக இருந்தவர் புள்ளியியல் அறிஞர் மகலநோபிஸ். 1950களின் தொடக்கத்தில் மேற்கு வங்கத்தில் ஒரு சோதனை நடந்தது. சில வீடுகளில் ஏழு நாள் கணக்கு, சில வீடுகளில் முப்பது நாள் கணக்கு, சில வீடுகளில் கணக்கெடுப்பாளரே தினமும் போய் அளந்து எழுதுவது. அளந்து எழுதியதற்கு முப்பது நாள் கணக்குதான் பக்கத்தில் வந்தது, ஏழு நாள் கணக்கு மிகைப்படுத்தியது. அதனால்தான் இந்தியா பல பத்தாண்டுகள் எல்லாப் பொருளுக்கும் முப்பது நாள் என்ற ஒரே விதியைப் பிடித்துக்கொண்டிருந்தது. அரிசி பருப்பு மட்டும் வாங்கிய காலத்துக்கு அது பொருந்தியிருக்கலாம். தினம் ஒரு டீக்கடை, வாரம் ஒரு நாள் பரோட்டா, பாக்கெட்டில் வரும் தின்பண்டம் என்று செலவு சிதறிய பிறகும் அதே விதி பொருந்துமா என்ற கேள்வி 1990களில் எழுந்தது.

அதற்குப் பதில் தேடிய விதம்தான் இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1994 முதல் 1998 வரை நடந்த, தேசிய மாதிரி ஆய்வின் 51 முதல் 54 வரையிலான சுற்றுகளில், மாதிரிக் குடும்பங்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குப் பழைய கேள்வித்தாள். மறு பாதிக்குப் புதியது: உணவுக்கும் புகையிலைக்கும் ஏழு நாள், துணி, செருப்பு, கல்வி, ஆஸ்பத்திரியில் சேர்ந்த செலவு, நீடித்து உழைக்கும் பொருள்கள் ஆகியவற்றுக்கு 365 நாள். யாருக்கு எந்தத் தாள் என்பது குலுக்கல் முறையில் முடிவானது. அதனால் இரண்டு குழுவுக்கும் இடையில் வரும் வித்தியாசம் முழுக்கக் கேள்வித்தாளால் வந்தது என்று துணிந்து சொல்லலாம். முடிவு என்ன? புதிய தாளில் உணவுச் செலவு சுமார் 30 சதவீதம் கூடுதல், மொத்தச் செலவு 15 முதல் 18 சதவீதம் கூடுதல். அன்றைய வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தவர்களின் விகிதம் ஏறத்தாழ பாதியானது. அதே ஆண்டு, அதே நாடு, அதே விலைவாசி. எந்தக் குடும்பத்துக்கும் ஒரு ரூபாய் கூடுதலாக வரவில்லை.

ஏன் இவ்வளவு பெரிய பாய்ச்சல்? வறுமைக் கோட்டுக்குச் சற்று மேலேயும் சற்றுக் கீழேயும் கோடிக்கணக்கான மக்கள் நெருக்கமாக நிற்கிறார்கள். அளவு பத்துப் பதினைந்து சதவீதம் நகர்ந்தால் கோட்டைத் தாண்டுவோர் எண்ணிக்கை அதைவிடப் பல மடங்கு நகரும். சராசரியில் சின்னதாகத் தெரியும் பிழை, தலை எண்ணிக்கையில் மிகப் பெரிதாகிவிடும். இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் புரியும்.

சோதனை இவ்வளவு தெளிவாக இருந்தும், அடுத்த பெரிய ஆய்வில் நடந்தது வேறு. 1999-2000ல் 55வது சுற்று. பழையதா புதியதா என்ற விவாதத்தில் ஒரு சமரசம் செய்தார்கள்: ஒரே வீட்டில், ஒரே தாளில், பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் ஏழு நாள் கணக்கையும் முப்பது நாள் கணக்கையும் கேட்டார்கள். என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். "இந்த வாரம் இரண்டு கிலோ தக்காளி" என்று சொல்லி முடித்தவரிடம் "மாதத்துக்கு?" என்று கேட்டால், அவர் மாதத்தை நினைவுபடுத்திப் பார்ப்பதில்லை, இரண்டை நான்கால் பெருக்கிச் சொல்லிவிடுகிறார். கணக்கெடுப்பாளருக்கும் இரண்டு எண்ணும் ஒத்துப்போனால் நிம்மதி. முந்தைய சோதனையில் ஏழு நாளுக்கும் முப்பது நாளுக்கும் நடுவே இருந்த இடைவெளி இதில் பெருமளவு காணாமல் போனது. அதாவது முப்பது நாள் கட்டத்தில் இருந்த எண் பழைய முப்பது நாள் எண் இல்லை.

அதிகாரபூர்வ வறுமை விகிதம் 1993-94ல் இருந்த 36 சதவீதத்திலிருந்து 26.1 ஆக இறங்கியது. பொருளாதாரச் சீர்திருத்தம் வெற்றி என்று ஒரு தரப்பும், எண்ணே மோசடி என்று மறு தரப்பும் மோதின. அப்போது பொருளாதார அறிஞர் ஆங்கஸ் டீட்டன் செய்த வேலை இன்றைக்கும் படிக்கத் தகுந்தது. எரிபொருள், இதர சேவைகள் போன்ற சில இனங்கள் எல்லாச் சுற்றிலும் முப்பது நாள் கணக்காகவே கேட்கப்பட்டிருந்தன. கேள்வி மாறாத அந்தச் செலவுகளைப் பாலமாக வைத்து, பழைய தாளையே கேட்டிருந்தால் என்ன வந்திருக்கும் என்று மதிப்பிட்டார். கிராமப்புற வறுமை அரசு சொன்ன 27.1 அல்ல, 30.2 என்று வந்தது. வீழ்ச்சி உண்மை, ஆனால் அறிவித்த அளவு இல்லை. அந்த மூன்று புள்ளி என்பது ஏறத்தாழ 2 கோடிக் கிராமத்து மக்கள். அபிஜித் சென், ஹிமான்ஷு என்ற இரு பொருளாதார அறிஞர்கள் வேறு வழியில் கணக்கிட்டு, வீழ்ச்சி இன்னும் குறைவு என்றார்கள். அறிஞர்கள் பல ஆண்டுகள் உழைத்தும் அந்தச் சுற்றின் எண்ணை முழுமையாக மீட்க முடியவில்லை என்பதுதான் என் முடிவு. கேள்வித்தாளில் செய்யும் ஒரு தவறைப் பிற்பாடு எந்தச் சூத்திரத்தாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது.

அடுத்த சுற்றுகளில் பாடம் கற்றார்கள். இன்று பேசப்படும் மூன்று முறைகளும் அப்போதுதான் நிலைபெற்றன. எல்லாவற்றுக்கும் முப்பது நாள் என்பது ஒரே சீரான நினைவுக் காலம். துணி, செருப்பு, கல்வி, ஆஸ்பத்திரி, நீடித்த பொருள்கள் ஆகிய ஐந்துக்கு மட்டும் 365 நாள், மற்றதெல்லாம் முப்பது நாள் என்பது கலப்பு முறை. அதோடு எண்ணெய், முட்டை, மீன், இறைச்சி, காய்கறி, பழம், தின்பண்டம், புகையிலை போன்றவற்றுக்கு ஏழு நாள், அரிசி பருப்பு பால் சர்க்கரைக்கு முப்பது நாளே என்பது திருத்திய கலப்பு முறை.

2004-05க்கு, அன்றைய பழைய வறுமைக் கோட்டை வைத்து, திட்டக் குழு ஒரே ஆய்விலிருந்து இரண்டு எண் கொடுத்தது. சீரான முறையில் 27.5 சதவீதம், அதாவது சுமார் 30 கோடிப் பேர். கலப்பு முறையில் 21.8 சதவீதம், சுமார் 24 கோடிப் பேர். ஐந்தே இனங்களுக்கு நினைவுக் காலத்தை மாற்றியதில் ஆறு கோடிப் பேர் கோட்டைத் தாண்டினார்கள். இதன் காரணம் மறதி அல்ல. ஏழைக் குடும்பம் துணி வாங்குவது தீபாவளிக்கோ பொங்கலுக்கோ திருவிழாவுக்கோதான். "போன முப்பது நாளில் துணி?" என்று ஆகஸ்டில் கேட்டால் பெரும்பாலான ஏழை வீடுகளில் பதில் பூஜ்யம். தீபாவளிக்கு அடுத்த வாரம் கேட்கப்பட்ட வீட்டில் பெரிய தொகை. ஆண்டுக் கணக்கில் கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரு சிறு தொகை பரவலாக வரும். சராசரி அதிகம் மாறாது. 2011-12ல் கிராமப்புறத் தலா மாதச் செலவு சீரான முறையில் 1279 ரூபாய், கலப்பு முறையில் 1287 ரூபாய்தான். ஆனால் அடித்தட்டில் இருந்த பூஜ்யங்கள் மறைந்ததால் ஏழைகளின் எண்ணிக்கை சரிந்துவிடும். சராசரி ஒத்துப்போகிறது என்பதை வைத்து இரண்டு ஆய்வுகள் ஒப்பிடத்தக்கவை என்று முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அதே 2011-12ல் திருத்திய கலப்பு முறையில் கிராமத்துச் செலவு 1430, நகரத்தில் 2630. கலப்பு முறையின் நகர எண் 2477. உலக வங்கி 2015ல் இந்தியாவுக்குச் சீரான முறையை விட்டுத் திருத்திய முறையைப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்று காட்டியபோது, நாளுக்கு 1.90 டாலர் கோட்டின்படி 2011-12ன் வறுமை விகிதம் 21.2லிருந்து 12.4 ஆனது. இந்தியாவின் அளவில் இது உலக வறுமை எண்ணிக்கையையே அசைக்கும் மாற்றம்.

இப்போது உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு வரலாம். 21.9 எந்த முறையில் வந்தது? வறுமைக் கோட்டைப் புதிதாக வரைய அரசு அமைத்த டெண்டுல்கர் குழுவின் கோடு, கலப்பு முறைச் செலவு. (கோடே மாறிவிட்டதால், மேலே சொன்ன 2004-05ன் 21.8ஐ இதோடு ஒப்பிட முடியாது.) அந்தக் கோடு கிராமத்தில் 816 ரூபாய், நகரத்தில் 1000. அதே ஆண்டுக்கு, பின்னால் வந்த ரங்கராஜன் குழு திருத்திய கலப்பு முறையின் மேல் கோடு வரைந்தது: கிராமத்தில் 972, நகரத்தில் 1407. விகிதம் 29.5 சதவீதம். அடிப்படைத் தேவைகளை அந்தக் குழு புதிதாகக் கணக்கிட்டதும் கோடு உயர்ந்ததற்குக் காரணம், ஆனால் கோடும் செலவும் ஒரே அளவுகோலில் நின்றன. 2022-23, 2023-24 ஆய்வுகள் திருத்திய கலப்பு முறையைச் சேர்ந்தவை. அவற்றின் மேல் டெண்டுல்கர் கோட்டை விலைவாசிக்கு ஏற்ப 1632, 1944 என்று ஏற்றி வைத்தால், கோடு ஓர் அளவுகோலிலும் செலவு வேறு அளவுகோலிலும் நிற்கும். 5-க்குக் கீழே என்ற எண் அப்படி வந்ததுதான். அதை 2011-12ன் 21.9 உடன் வைத்துப் பார்ப்பது, உயரத்தை ஒரு முறை வெறுங்காலிலும் மறு முறை செருப்போடும் அளப்பதற்குச் சமம்.

சரி, ரங்கராஜன் கோட்டை எடுத்துக்கொண்டு, 2011-12ன் திருத்திய முறை எண்ணோடு ஒப்பிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? பாதி தீரும். நினைவுக் காலம் ஒன்றாகிவிடும். ஆனால் 2022-23ல் நினைவுக் காலத்தைத் தவிர வேறு பலவும் மாறின.

முன்பு ஒரே வருகை, ஒரே நீண்ட உட்கார்வு. இப்போது ஒரு குடும்பத்துக்கு மூன்று மாதத்தில் மூன்று வருகை. உணவுக்கு ஒரு தாள், அன்றாடப் பொருள் மற்றும் சேவைக்கு ஒரு தாள், நீடித்த பொருளுக்கு ஒரு தாள். எது முதலில் என்பது குடும்பத்துக்குக் குடும்பம் சுழலும். காகிதத்துக்குப் பதில் டேப்லெட். பொருள்கள் 347லிருந்து 405 ஆகின. இவற்றில் பெரும்பாலானவை நல்ல மாற்றங்கள் என்பதை மனதாரச் சொல்கிறேன். முந்நூற்றைம்பது பொருளை ஒரே மூச்சில் கேட்கும்போது பதில் சொல்பவரும் சோர்ந்துபோவார், கேட்பவரும் சோர்ந்துபோவார். கடைசிப் பக்கங்களில் "இல்லை, இல்லை" என்பதே பதிலாக இருக்கும். ஆனால் சோர்வு குறைந்தால் சொல்லப்படும் செலவு கூடும். பொருள் பட்டியல் நீண்டாலும் கூடும். எல் சால்வடாரில் 1990களில் குறுகிய பட்டியலையும் விரிந்த பட்டியலையும் வெவ்வேறு வீடுகளில் கேட்டுப் பார்த்தபோது, விரிந்த பட்டியலில் சராசரிச் செலவு 31 சதவீதம் கூடுதலாக வந்தது. தான்சானியாவில் சுமார் 4000 குடும்பங்களை எட்டு முறைகளுக்குப் பிரித்துக் கொடுத்த சோதனையிலும் முறைக்கு முறை வேறு நாடு போலத்தான் எண்கள் வந்தன. இந்தியாவில் 347க்கும் 405க்கும் உள்ள தூரம் அவ்வளவு பெரிதில்லை. மூன்று வருகையின் விளைவுதான் பெரிதாக இருக்கும் என்பது என் எண்ணம்.

மூன்று வருகைக்கு இன்னொரு பக்கமும் உண்டு, அது அதிகம் பேசப்படவில்லை. ஒரு குடும்பத்துக்கு ஒரு மாதம் வேலை இல்லை என்றால் அந்த மாதம் உணவும் சுருங்கும், போக்குவரத்தும் சுருங்கும், மற்றதும் சுருங்கும். ஒரே வருகையில் அது முழு மோசமான மாதமாகப் பதிவாகும். மூன்று வருகையில் மோசமான மாதத்தின் உணவும் பரவாயில்லாத மாதத்தின் மற்றச் செலவும் கூட்டப்படும். நல்ல மாதத்துக்கும் அப்படியே. விளைவாக, மக்களின் நிலையில் எதுவும் மாறாவிட்டாலும் இரு முனைகளும் நடுவை நோக்கி நெருங்கும், ஏற்றத்தாழ்வு குறைந்தது போலத் தெரியும். 2011-12க்கும் 2022-23க்கும் இடையே கிராமத்து ஜினி குறியீடு (ஏற்றத்தாழ்வை 0 முதல் 1 வரை அளக்கும் எண்) 0.283லிருந்து 0.266 ஆகவும், நகரத்தில் 0.363லிருந்து 0.314 ஆகவும் இறங்கியதைக் கொண்டாடுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

மாதிரியைத் தேர்ந்த விதமும் மாறியது. கிராமத்தில் நில உடைமையையும் நகரத்தில் கார் இருக்கிறதா என்பதையும் வைத்துக் குடும்பங்களைப் பிரித்தார்கள். பணக்கார வீடுகள் நழுவிப் போவதைத் தடுக்கும் நோக்கம் அது. கோட்பாட்டின்படி எடைகளை (ஒரு மாதிரிக் குடும்பம் எத்தனை குடும்பங்களுக்குப் பிரதிநிதி என்ற எண்ணை) சரியாகப் போட்டால் இப்படிப் பிரிப்பதால் சராசரி சாயக் கூடாது. அதனால் இதை மற்றவை அளவுக்குப் பெரிதாக்க மாட்டேன். ஆனால் கிராமம்-நகரம் என்ற பிரிவினைக்கு அடிப்படையாக இருந்தது 2011ன் மக்கள்தொகைக் கணக்கெடுப்புதான். அன்று கிராமம் என்று எழுதப்பட்ட பல ஊர்கள் இன்று பார்வைக்கே நகரம்.

இலவசப் பொருள்கள் விஷயத்தில் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு நேரடிச் சம்பந்தம் உண்டு. நம் ரேஷன் கடையில் 2011 ஜூனிலிருந்து அரிசி விலையில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சைக்கிள், சீருடை, மடிக்கணினி கொடுத்த மாநிலம் இது. "எவ்வளவு செலவு செய்தீர்கள்?" என்று கேட்டால் இவற்றுக்குப் பதில் பூஜ்யம். 2022-23 ஆய்வு இத்தகைய பொருள்களைத் தனியாகக் கேட்டு மதிப்புப் போட்டு, இரண்டு எண்களாகக் கொடுத்தது. நாடு முழுவதும் கிராமத்தில் மதிப்புச் சேர்க்காமல் 3773 ரூபாய், சேர்த்தால் 3860. நகரத்தில் 6459, 6521. இரண்டையும் தனித்தனியே வெளியிட்டது நல்ல நடைமுறை. இலவசக் கல்வி, அரசு மருத்துவமனைச் சிகிச்சை ஆகியவற்றுக்கு மதிப்புப் போடவில்லை. அதனால் அரசு மருத்துவமனை நன்றாக இயங்கும் மாநிலத்தில் குடும்பம் கையிலிருந்து குறைவாகச் செலவழிக்கும், செலவுக் கணக்கில் ஏழையாகத் தெரியும். தனியார் ஆஸ்பத்திரிக்குக் கடன் வாங்கிக் கட்டும் குடும்பம் வசதியாகத் தெரியும். மாநிலங்களை ஒப்பிடுவோர் இதை மறந்தே விடுகிறார்கள். இன்னொரு நுணுக்கமும் உண்டு: ஆய்வு 2022 ஆகஸ்டில் தொடங்கி 2023 ஜூலையில் முடிந்தது. அதன் நடுவில், 2023 ஜனவரியில், மத்திய அரசு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கிலோ மூன்று ரூபாய்க்குக் கொடுத்த அரிசியை இலவசமாக்கியது. ஒரே ஆய்வுக்குள்ளேயே அந்த அரிசி வாங்கிய பொருள் பட்டியலிலிருந்து இலவசப் பட்டியலுக்கு இடம் மாறியது.

இத்தனையும் மாறியபோது, 1994-98ல் செய்தது போல ஒரு பகுதிக் குடும்பங்களிடம் பழைய தாளையும் பழைய ஒற்றை வருகையையும் வைத்துக் கேட்டிருந்தால், இன்று நீங்களும் நானும் இந்தக் கேள்வியோடு மல்லாட வேண்டியதில்லை. 2009-10லும் 2011-12லும்கூட இரண்டு வகைத் தாள்களைத் தனித்தனி மாதிரிகளில் கேட்டார்கள். 2011-12ல் ஒவ்வொன்றுக்கும் லட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள். 2022-23ல் 2,61,746 குடும்பங்களைச் சந்தித்தார்கள். அவற்றில் சிறு பகுதியைப் பழைய முறைக்கு ஒதுக்கவில்லை. எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம் இதுதான்.

நடுவில் இன்னொரு பாலமும் உடைந்தது. 2017 ஜூலை முதல் 2018 ஜூன் வரை 75வது சுற்றில் நுகர்வுச் செலவு ஆய்வு நடந்து முடிந்தது. 2019 நவம்பரில் பிசினஸ் ஸ்டாண்டர்ட் நாளிதழ் வெளியிட்ட செய்தியின்படி, விலைவாசியைக் கழித்த தலாச் செலவு 1501லிருந்து 1446 ரூபாயாக, 3.7 சதவீதம் குறைந்திருந்தது. அடுத்து அரசு, தரவின் தரம் சரியில்லை என்று சொல்லி ஆய்வையே வெளியிடுவதில்லை என்று அறிவித்தது. தரம் சரியில்லாமல் இருந்திருக்கலாம். அப்படியானால் தரவை வெளியிட்டு, குறையையும் கூடவே எழுதி, எடை போடும் வேலையை ஆய்வாளர்களிடம் விட்டிருக்க வேண்டும். 55வது சுற்றில் அப்படித்தான் நடந்தது. குறையுள்ள தரவு வெளியில் இருந்ததால்தான் அதைத் திருத்தவும் முடிந்தது.

வேலைவாய்ப்புப் புள்ளிவிவரத்தில் இதே கதை எதிர்த் திசையில் நடந்தது. 2017-18ல் தொடங்கிய புதிய தொழிலாளர் ஆய்வில் வேலையின்மை 6.1 சதவீதம் என்று வந்தது. 2011-12ல் 2.2. புதிய ஆய்வு குடும்பங்களைப் பத்தாம் வகுப்பு முடித்தவர்களின் எண்ணிக்கையை வைத்துப் பிரித்தது, அதனால் பழையதோடு ஒப்பிடுவது சரியல்ல என்று புள்ளியியல் அமைச்சகம் சொன்னது. அந்த எச்சரிக்கை நியாயமானது. எண் பிடிக்காதபோது மட்டும் சொல்லாமல், பிடித்திருக்கும்போதும் அதே குரலில் சொல்ல வேண்டும். விமர்சகர்களுக்கும் இது பொருந்தும்: 6.1ஐக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிட்டவர்கள் பலர் இப்போது 5 சதவீத வறுமையை ஒப்பிடக் கூடாது என்கிறார்கள்.

நாடுகளுக்கு இடையே ஒப்பிடும்போது நிலைமை இன்னும் மோசம். 2025 ஜூலையில், உலக வங்கியின் 25.5 என்ற ஜினி எண்ணை (இங்கே அளவு 0 முதல் 100 வரை) வைத்து, ஸ்லோவாக்கியா, ஸ்லோவேனியா, பெலாரஸுக்கு அடுத்து உலகிலேயே நான்காவது சமத்துவமான நாடு இந்தியா என்று அரசு செய்திக்குறிப்பு சொன்னது. இந்தியாவின் 25.5 நுகர்வுச் செலவின் ஏற்றத்தாழ்வு. ஸ்லோவாக்கியா, ஸ்லோவேனியா, அமெரிக்கா ஆகியவற்றின் எண்கள் வருமானத்தின் ஏற்றத்தாழ்வு. பணக்காரர்கள் வருமானத்தில் பெரும்பகுதியைச் சேமிக்கிறார்கள், ஏழைகள் வருமானம் இல்லாத மாதத்திலும் கடன் வாங்கியாவது சாப்பிடுகிறார்கள். அதனால் பொதுவாக வருமான ஏற்றத்தாழ்வு நுகர்வைவிடப் பெரிதாகத்தான் வரும். உலக வங்கியின் அதே குறிப்பே, நுகர்வு எண் ஏற்றத்தாழ்வைக் குறைத்துக் காட்டலாம் என்றும், வேறொரு தரவுத்தளத்தின்படி இந்தியாவின் வருமான ஜினி 2004ல் 52, 2023ல் 62 என்றும் எழுதியிருக்கிறது. அந்த வரியைச் செய்திக்குறிப்பு எடுத்துக்கொள்ளவில்லை.

இலங்கையில் பிரச்சினை வேறு வடிவத்தில் வந்தது. குடும்ப வருமான செலவின ஆய்வில் 1990/91, 1995/96, 2002 ஆகிய சுற்றுகளில் வடக்கும் கிழக்கும் இல்லை. 2006/07ல் வட மாகாணமும் திருகோணமலையும் இல்லை. 2009/10ல் மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு இல்லை. இருபத்தைந்து மாவட்டங்களும் முதன்முதலில் சேர்ந்தது 2012/13ல்தான். போரால் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களை விட்டுவிட்டு எடுத்த சராசரிக்குத் "தேசிய" என்று பெயர் இருந்தது. பிறகு 2016க்கு வறுமை 4.1 சதவீதம் என்று வந்தது, 2019க்கு 14.3 என்று வந்தது. மூன்று ஆண்டில் மூன்று மடங்கா என்று பதறியவர்கள் உண்டு. நடுவில் வறுமைக் கோட்டையே 2012/13ஐ அடிப்படையாக வைத்துப் புதிதாக வரைந்திருந்தார்கள்.

இனி, எதை எழுதலாம் என்று கேட்பீர்கள். நான் எழுதுவதாக இருந்தால் 21.9ஐயும் 5ஐயும் ஒரே வாக்கியத்தில் வைக்க மாட்டேன். திருத்திய கலப்பு முறையின் தலாச் செலவை எடுத்துக்கொள்வேன். 2011-12 விலையில் கிராமத்தில் 1430 ரூபாயாக இருந்தது 2022-23ல் 2008 ஆகியிருக்கிறது. நகரத்தில் 2630, 3510. கிராமத்தில் சுமார் 40 சதவீதம், நகரத்தில் சுமார் 33 சதவீதம் உயர்வு. இதிலும் மூன்று வருகை, டேப்லெட், நீண்ட பட்டியல் ஆகியவற்றின் பங்கு சேர்ந்திருக்கிறது என்று அடுத்த வரியிலேயே சொல்வேன். அந்தப் பங்கைக் கழித்தாலும் பெரிய உயர்வு மிஞ்சும் என்றே நினைக்கிறேன். உலக வங்கியும் 2011-12க்குப் பழைய சீரான முறையை விட்டுத் திருத்திய முறையை எடுத்துக்கொண்டுதான் 16.2லிருந்து 2.3 சதவீதம் என்று நாளுக்கு 2.15 டாலர் கோட்டில் கணக்கிட்டது. கூடவே, கேள்வித்தாளும் மாதிரியும் மாறியதால் காலவரிசை ஒப்பீட்டில் சிக்கல் உண்டு என்றும் எழுதியது. மேற்கோள் காட்டும்போது அந்த இரண்டாவது வாக்கியத்தையும் சேர்த்துக் காட்டுங்கள்.

தயக்கமில்லாமல் ஒப்பிடக்கூடிய ஜோடி ஒன்று உண்டு: 2022-23ம் 2023-24ம். அதே தாள்கள், அதே மூன்று வருகை, கிட்டத்தட்ட அதே அளவு மாதிரி. 2011-12 விலையில் கிராமத்தில் 2008லிருந்து 2079, நகரத்தில் 3510லிருந்து 3632. ஓராண்டில் மூன்றரை சதவீத உயர்வு. பன்னிரண்டு ஆண்டு ஒப்பீட்டைவிடச் சின்ன எண்தான், ஆனால் குடும்பங்களில் நடந்ததைச் சொல்லும் எண்.

இதைப் படிப்பவர்களில் யாராவது புள்ளியியல் துறையில் இருந்தால் ஒரு வேண்டுகோள். அடுத்த நுகர்வுச் செலவு ஆய்வில் சில ஆயிரம் குடும்பங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, அவர்களிடம் 2011-12ன் தாளை, ஒரே வருகையில், அன்றைய பட்டியலோடு கேளுங்கள். மொத்தச் செலவில் அது சிறு பகுதிதான். பிறகு அந்தத் தரவை மற்றதோடு சேர்த்து வெளியிடுங்கள். அது வந்தால் இந்தக் கேள்விக்கு நானும் ஒரு எண்ணைப் பதிலாகச் சொல்ல முடியும்.